தேயிலைக்கு வாராவாரம், ஆளுக்கு வருடத்துக்கு ஒரு தடவையா?

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி உத்தியோகத்தராகச் சேர்ந்து நான்கு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருக்குக் கீழே 38 பேர். பாதிப் பேர் அவருடைய அப்பா, அம்மா வயது. "வேலை எப்படி இருக்கிறது என்று ஆட்களிடம் அடிக்கடி சொல்ல வேண்டுமா? வருடக் கடைசியில் படிவம் நிரப்பினால் போதும் என்கிறார் எங்கள் மேலாளர். பாராட்டினால் தலைக்கேறும், குறை சொன்னால் தொழிற்சங்கத்துக்குப் போவார்கள் என்கிறார். எது சரி?"

தம்பி, 26 வருடம் தேயிலைத் தொழிற்சாலைகளில் இருந்திருக்கிறேன். முதலில் தலவாக்கலைப் பக்கம், அப்புறம் ஊவாவில். கடைசி சில வருடங்கள் புதிதாக வரும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்: அடிக்கடி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதைச் சொல்வது, யாரிடம், எந்த நேரத்தில் என்று யோசிக்காமல் சொன்னால், சொல்லாமல் விடுவதைவிடக் கெடுதல். உங்கள் மேலாளர் பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பதில் நியாயமில்லை.

முதலில் உங்கள் தொழிற்சாலையிலேயே நடக்கிற ஒன்றைப் பாருங்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. இன்றைக்கும் வாரத்தில் செவ்வாய், புதன் இரண்டு நாளும் நடக்கிறது. ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, ஊறவைத்து, உறிஞ்சிப் பார்த்து, "நிறம் மங்கல்", "சாயம் இலேசு", "கருகல்" என்று புரோக்கர் எழுதி அனுப்புகிறார். அதற்கு என்ன விலை கிடைக்கலாம் என்பதும் அதில் இருக்கும். நீங்கள் செய்த தேயிலை எப்படி இருந்தது என்று வாராவாரம் ஆள் வைத்துச் சொல்கிறார்கள். அந்தத் தேயிலையைச் செய்த மனிதருக்கு மட்டும் டிசம்பரில் ஒரு படிவம். அதையும் பெரும்பாலும் அவர் வாசிப்பதில்லை.

1998 பெப்ரவரி என்று நினைவு. மேற்குச் சரிவுத் தோட்டங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல வாசனைத் தேயிலை வரும் பருவம். வருடத்தில் நல்ல விலை வருகிற வாரங்கள் அவை. அப்போது பார்த்து மூன்று வாரம் தொடர்ந்து எங்கள் தேயிலைக்கு "ஹார்ஷ்" என்று ரிப்போர்ட் வந்தது. நாக்கில் முரட்டுத்தனமாகப் படுகிறது என்று பொருள். கொழுந்து சரியாக வாடாமல் உருட்டினால் இப்படி ஆகும். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் வாசித்தார், பெருமூச்சு விட்டார், பைலில் போட்டார். மாடியில் இரவு முழுக்கக் கொழுந்து வாட்டுகிற ஆட்களுக்கு இது எதுவும் தெரியாது.

நான் அப்போது உதவியாளன். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு அந்தக் காகிதத்தை மாடிக்கு எடுத்துப் போய்த் தமிழில் வாசித்துக் காட்டினேன். யாரையும் குறை சொல்லவில்லை. "கொழும்பில் இப்படிச் சொல்கிறார்கள், என்னவாக இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். அங்கிருந்த வயதானவர் ஒருவர் எழுந்து, நாலாவது தொட்டியின் கிட்டத்து முனையில் ஒரு பிடி கொழுந்தை அள்ளிக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விட்டார். உருண்டையாக நின்று மெதுவாக அவிழ்ந்தது. அப்புறம் தூரத்து முனைக்குக் கூட்டிப் போய் அதே மாதிரி ஒரு பிடி. கையைத் திறந்ததுமே இலை துள்ளிப் பிரிந்தது. காம்பை மடக்கினார், படக்கென்று ஒடிந்தது.

"கோடியில காத்து ஏறலங்க ஐயா. போன மாசமே கைய வச்சுப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

மறுநாள் தொட்டியைக் காலி செய்து பார்த்தால், தூரத்துப் பாதியில் அடிவலை முழுக்கத் தூளும் தூசியும் அப்பியிருந்தது. சுத்தம் செய்ய ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது. பருவத்தின் மூன்று வாரம் அதற்குள் போய்விட்டது.

தம்பி, இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னூட்டம் என்றதும் நாம் மேலிருந்து கீழே போகிற சொல்லை மட்டும் நினைக்கிறோம். நான் கொண்டு போனது ஒரு வரி. எனக்குத் திரும்பி வந்தது ஒரு மாதத்து விஷயம். நாம் அவர்களிடம் பேசாத வரை அவர்கள் நம்மிடம் பேச மாட்டார்கள். தோட்டத்தில் அப்படித்தான் பழகியிருக்கிறோம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கட்டளை கீழே இறங்கும், மேலே ஏறுவது கணக்கு மட்டும். ஒரு காலத்தில் தொழிலாளியின் கையில் தோட்டம் கொடுத்த காகிதம் என்றால் அது கடன் துண்டு, அல்லது வெளியே போ என்கிற பற்றுச்சீட்டு. துண்டு முறை 1921இல் ஒழிந்துவிட்டது. "ஐயா கூப்பிடுகிறார்" என்றால் ஏதோ வில்லங்கம் என்று நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் இன்னும் ஒழியவில்லை. உங்கள் 38 பேரில் ஒருவரைத் திடீரென்று ஆபீசுக்கு வரச் சொல்லிப் பாருங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

வருடத்துக்கு ஒரு தடவை ஏன் போதாது என்பதற்கு அந்தப் பெப்ரவரியே பதில். கெட்டுப்போன தேயிலையைப் பற்றி டிசம்பரில் பேசி யாருக்கு என்ன லாபம்? தேயிலை விற்று, குடித்தும் முடிந்திருக்கும். அவருக்கும் ஞாபகம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. ஞாபகத்தில் நிற்பது நவம்பர் மட்டும்தான். அதனால் நவம்பரில் ஒரு தடவை தாமதமாக வந்தவர் வருடம் முழுக்கத் தாமதமாக வந்தவராகப் படிவத்தில் ஏறுவார். வருட மதிப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பள உயர்வு, பதவி உயர்வுக்கு ஒரு பதிவு வேண்டும்தான். ஆனால் அந்தப் படிவத்தில் இருக்கிற ஒரு வரிகூட அந்த ஆளுக்குப் புதுச் செய்தியாக இருக்கக்கூடாது.

இன்னொன்று. நீங்கள் வாயால் சொல்லாவிட்டாலும் ஆட்களுக்குச் செய்தி போய்க்கொண்டுதான் இருக்கிறது. அது சம்பளத் துண்டு வழியாகப் போகிறது. மலையில் கொழுந்து பறிப்பவர் அன்றைய கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிவு. ஏன், எவ்வளவு என்று யாரும் அந்த இடத்தில் சொல்வதில்லை. மாதம் முடிந்து பத்தாம் திகதி கையில் குறைவாக வரும்போதுதான் தெரிகிறது. ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல் வந்தது, 2024இல் 1,350 ஆனது. இப்படிப்பட்ட நாட்சம்பளத்தில் வாழ்கிற வீட்டுக்கு நான்கு அரைப்பேர் எவ்வளவு பெரிய ஓட்டை என்று யோசியுங்கள். காரணம் சொல்லாமல் காசில் கைவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பின்னூட்டம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசைக் காட்டி, "இன்றைக்கு மழை, ஈரத்துக்கு இவ்வளவு போகிறது" என்று முகத்தைப் பார்த்துச் சொன்ன இடத்தில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. முணுமுணுப்பு இருக்கும். அது வேறு.

மலையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். ஊவாவில் நான் இருந்த தோட்டத்தில் கொழுந்துத் தரம் இறங்கிக்கொண்டே போனது. முற்றிய இலை அதிகம். ஒவ்வொரு நாளும் பிரட்டில் ஒரே பாட்டு: "எல்லாரும் முத்தின எலையக் கொண்டாந்து கொட்டுறீங்க." எல்லோருக்கும் சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது. தவறு செய்தவர் அது பக்கத்து ஆளுக்கு என்று நினைப்பார். சரியாகச் செய்தவர்தான் புழுங்கிப் போவார். பிறகு வெளிக்கள உத்தியோகத்தரும் நானும் ஒரு வாரம் மடுவத்தில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, சாக்கை விரித்து, அந்தக் கூடைக்காரி முன்னாலேயே பிரித்து வைத்தோம். இரண்டு இலையும் மொட்டும் ஒரு பக்கம், முற்றியது ஒரு பக்கம். பேச்சே தேவையில்லை, கண்ணுக்கு முன்னால் இரண்டு குவியல்.

மூன்றாம் நாள் ஒரு அக்கா தன் குவியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இந்த மலைக்கு நாங்க வந்து பதினோரு நாளாச்சு. எல முத்தாம என்ன செய்யும்?" கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் அவர் சொன்னது சரி. ஏழு நாளைக்கு ஒரு சுற்று வர வேண்டிய மலை. ஆள் பற்றாக்குறையால் சுற்று தள்ளிப் போயிருக்கிறது. பதினோரு நாள் கழித்துப் போனால் எந்தக் கை பறித்தாலும் பாதி முற்றல்தான். தப்பு எங்கள் பக்கம். அதற்கு அவர்களைத் தினமும் காலையில் திட்டிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு எனக்கு வைத்துக்கொண்ட விதி இது: ஒருவரிடம் அவர் கையில் இருக்கிற விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். சுற்றைத் தீர்மானிப்பது நாம். இரண்டு இலையில் விரலை நிறுத்துவது அவர். சுற்றைச் சரிசெய்த பிறகு அந்தச் சாக்கு விரிப்பைத் தொடர்ந்தோம், தரமும் மெல்ல ஏறியது.

நான் சொல்வது வெறும் தோட்டத்து அனுபவம் என்று உங்கள் மேலாளர் சொன்னால், அவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டிநீசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட கட்டுரையைச் சொல்லுங்கள். அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பின்னூட்டம் வேலையை மேம்படுத்துகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் வேலை இன்னும் மோசமாகியிருக்கிறது! சொல் வேலையை விட்டு ஆளைத் தொடத் தொடங்கினால் பலன் குறைந்துகொண்டு போகிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். "இந்தத் தட்டு கொஞ்சம் கருகியிருக்கிறது, வெப்பம் எவ்வளவு இருந்தது?" என்றால் அவர் மனம் அடுப்புப் பக்கம் போகும். "உனக்கு எத்தனை தடவை சொல்வது?" என்றால் மனம் தன் மானத்தின் பக்கம் போகும். இரண்டுக்கும் நடுவில் நாலு சொல்தான் வித்தியாசம். உங்கள் மேலாளரின் பயம் பாதி சரி என்று நான் சொன்னது இதனால்தான்.

இன்னொரு கதையும் எனக்குப் பிடிக்கும். 1970களின் தொடக்கத்தில் பேசப்பட்டது. அமெரிக்காவில் எமரி ஏர் ஃபிரைட் என்ற விமானச் சரக்கு நிறுவனத்தில் சிறு பொதிகளைப் பெரிய பெட்டிகளில் சேர்த்து அனுப்பினால் செலவு மிச்சம். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அப்படித்தான் செய்கிறோம் என்று எல்லோரும் மனதார நம்பினார்கள். எண்ணிப் பார்த்தால் 45தான். ஆட்களே தங்கள் கையால் ஒரு தாளில் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். 95க்குப் போய்விட்டது. யாரையும் திட்டவில்லை, புதிதாகச் சம்பளமும் கூட்டவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்று மனிதருக்குத் தெரியாமலே இருக்கிறது, தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் காயவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டி, ஒவ்வொரு மணிக்கும் வெளியேறும் காற்றின் வெப்பத்தை அங்கே நிற்பவரே சோக்கட்டியால் எழுதட்டும். கடைசியில் தேயிலையில் மூன்று சதவீத அளவில் ஈரம் நிற்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். எழுதத் தொடங்கியதும் அந்த எண் அவருடையதாகிவிடும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காயவைக்கும் பகுதியில் ஒரு பையன் இருந்தான், இருபது வயது இருக்கும். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தான். ஒரு நாள் ஒரு தொகுதி கருகிவிட்டது. எனக்கு மேலேயிருந்து வந்த கோபத்தை அப்படியே அவன் தலையில் கொட்டினேன், பத்துப் பேர் முன்னால். அந்த மாதச் சம்பளத்தோடு கொழும்புக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினான். "கருகினது எந்தப்பு தாங்க ஐயா. ஆனா ஏழு மாசம் ஒழுங்காச் செஞ்சப்ப நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. மொதல் தடவ பேசினதே அன்னைக்குத்தான்." இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் கொழும்புக் கடைகளுக்கு ஓடுகிறார்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். சம்பளம் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் மனிதனாக மதித்து ஒருவர் பேசுகிற இடத்தை விட்டுப் போக அவ்வளவு சீக்கிரம் கால் வராது.

சரி, வயது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வயதுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். நேராகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கேள்வியில் தொடங்குங்கள். "அண்ணே, நேற்று ராத்திரி நாலாம் தொட்டி எப்படி இருந்தது?" பெரும்பாலும் அவரே குறையைச் சொல்லிவிடுவார். அப்புறம் நீங்கள் சேர்க்க வேண்டியது ஒரு வரிதான். அவர் நிற்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள், ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள். குறையைத் தனியாகச் சொல்லுங்கள், முடிந்தால் அன்றைக்கே. நீங்கள் கோபமாக இருந்தால் மட்டும் மறுநாள்.

பாராட்டையும் கூட்டத்தில் போட்டு உடைக்காதீர்கள். பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் கூட்டத்தில் பாராட்டு என்று சொல்லும், நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது. கண்ணூறு படும் என்கிற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், லயம் என்கிற வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவில் இருக்கிறவர்கள். "அவ துரைக்கு வேண்டியவ" என்று சாயந்தரமே பேச்சு வந்துவிடும். பெண்களுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு தொல்லை என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும். "நல்லா செய்றீங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "நேற்று சலித்த பிஓபி ரகத் தேயிலையில் நார் ஒன்றுகூட இல்லை, அக்கா" என்று சொல்லுங்கள். அவர் என்ன செய்தார் என்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது என்று அவருக்குப் புரியும். இப்படிப்பட்ட பாராட்டு தலைக்கேறி நான் பார்த்ததில்லை. காரணமே சொல்லாமல் பொழிகிற புகழ்தான் தலைக்கேறும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? புது ஆள் என்றால் முதல் இரண்டு வாரம் தினமும் இரண்டு நிமிடம். பழகியவருக்கு வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் வேலை நடக்கிற இடத்திலேயே. கணக்குப் பார்த்தால் 38 பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஆகாது.

சங்கத்தைப் பற்றி: சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள், இப்படிப் பேசப்போகிறேன், இது விசாரணை இல்லை, யார் பைலிலும் ஏறாது என்று. ஏறக்கூடாது, அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். சொல்லாமல் தொடங்கினால்தான் சந்தேகம் வரும். உண்மையில் சங்கத்துக்குப் போகிற பிரச்சினைகளில் பல, முதல் நாளே நேரில் பேசாமல் விட்டவை. ஒழுக்காற்று நடவடிக்கை வேறு பாதை, அதற்கு எழுத்து வேண்டும். வேலை நீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். விஷயம் தொழில் நியாய சபைக்குப் போனால், முன்னால் எப்போதாவது இதைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா என்ற கேள்வி எழும். வருடம் முழுக்க மௌனமாக இருந்த நிர்வாகத்திடம் அதற்குப் பதில் இருக்காது. மேலாளரிடம் இந்த ஒரு காரணத்தைச் சொன்னாலே அவர் கேட்பார் என்று நினைக்கிறேன்.

படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழில் எழுதிவிடுங்கள், சிங்கள ஊழியர்கள் இருந்தால் சிங்களத்திலும் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். தன்னைப் பற்றி எழுதியிருப்பதை வாசிக்க முடியாதவரிடம் கையெழுத்து வாங்குவது சரியில்லை.

இந்த வாரமே தொடங்க வேண்டுமென்றால் செய்ய வேண்டியது இரண்டுதான். புரோக்கர் ரிப்போர்ட் வந்ததும் பைலில் போடுவதற்கு முன்னால் மாடிக்கும் உருட்டும் பகுதிக்கும் கொண்டு போய் வாசியுங்கள், நல்ல வரியையும் சேர்த்து. முடிந்தால் அதே தேயிலையை ஆறு நிமிடம் ஊறவைத்து அவர்களுக்கும் ஒரு வாய் கொடுங்கள். பக்கத்திலேயே நன்றாக வந்த தேயிலை ஒரு கோப்பை. நாக்கு சொல்வதை நீங்கள் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு சின்னக் கொப்பி. 38 பெயரையும் எழுதி, யாரிடம் அவர் வேலையைப் பற்றிக் குறிப்பாக எதையாவது பேசினீர்களோ அந்தத் திகதியை மட்டும் பெயருக்கு நேரே போடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சில பெயர்களுக்கு நேரே வெறுமையாக இருக்கும். தொல்லை கொடுக்காமல், தாமதிக்காமல், சத்தமில்லாமல் வேலை செய்கிறவர்களின் பெயர்களாகத்தான் அவை இருக்கும். மறுநாள் காலை முதலில் அவர்களிடம் போங்கள்.